இணைய முடக்கம்: எழுதியவருக்குச் சொல்ல வேண்டாமா?

புது தில்லி: ஒரு மாநில அரசு ஓர் அச்சுப் புத்தகத்தைத் தடை செய்ய விரும்பினால், அதற்கான காரணத்தை அரசிதழில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை எதிர்த்து இரண்டு மாதங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக, எழுதியவருக்கு மட்டுமல்ல, அந்தப் புத்தகத்தில் உரிய நலன் உள்ள எவருக்கும் உரிமை உண்டு. வழக்கை ஒரு நீதிபதி தனியாக விசாரிக்க முடியாது. குறைந்தது மூன்று நீதிபதிகளைக் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்க வேண்டும்.

அதே சொற்கள் ஓர் இணையதளத்தில் வெளியாகி, அதனை மத்திய அரசு முடக்க விரும்பினால் நடப்பது வேறு. உத்தரவு வெளியிடப்படுவதில்லை. காரணம் ரகசியமாக வைக்கப்படுகிறது. எழுதியவருக்கு ஒரு வரிகூடத் தெரிவிக்கப்படாமல் அவரது எழுத்து மக்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடலாம்.

இந்த இரண்டு நடைமுறைகளும் ஒரே அரசமைப்புச் சட்டத்தின் கீழ்தான் செயல்படுகின்றன. அச்சில் எழுதினாலும் இணையத்தில் எழுதினாலும் பேச்சுரிமை என்பது 19(1)(ஏ) பிரிவு தரும் ஒரே உரிமைதான். அதற்கு விதிக்கத்தக்க நியாயமான கட்டுப்பாடுகளும் 19(2) பிரிவில் சொல்லப்பட்டவை மட்டுமே. அப்படியிருக்க, காகிதத்துக்கு ஒரு நீதி, கணினித் திரைக்கு வேறொரு நீதி என்பது எப்படி வந்தது? 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வியின் சாரம் இதுதான்.

ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

குடியரசின் முதல் ஆண்டிலேயே இந்த விவாதம் தொடங்கிவிட்டது. பம்பாயிலிருந்து வெளிவந்த "கிராஸ் ரோட்ஸ்" என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் தங்கள் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று 1950 மார்ச் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாகாண அரசு தடை விதித்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஏறக்குறைய அதே நேரத்தில், தில்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான "ஆர்கனைசர்", குறிப்பிட்ட சில செய்திகளை அச்சிடுவதற்கு முன்பே அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்று தில்லித் தலைமை ஆணையர் உத்தரவிட்டார்.

கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களில் நின்ற இரு இதழ்களின் வழக்குகளிலும் 1950 மே 26-ஆம் தேதி, ஒரே நாளில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டிலும் அரசின் உத்தரவு செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார்.

இத்தீர்ப்புகளுக்குப் பிறகு, 1951-ஆம் ஆண்டு முதலாவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் மூலம் "பொது ஒழுங்கு", "வெளிநாடுகளுடனான நட்புறவு" ஆகியவை கட்டுப்பாடு விதிப்பதற்கான காரணங்களாகச் சேர்க்கப்பட்டன. ஆனால், அதே திருத்தம் "நியாயமான" என்ற சொல்லையும் சேர்த்தது. அதன் பிறகு எந்தக் கட்டுப்பாடாக இருந்தாலும், அது நியாயமானதா என்று பார்க்கும் பொறுப்பு நீதிமன்றத்திடம் வந்து சேர்ந்தது. கட்டுப்பாட்டின் உள்ளடக்கம் மட்டுமல்ல, அது விதிக்கப்படும் முறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்பது பிந்தைய தீர்ப்புகளில் நிலைபெற்ற கொள்கை.

காரணம் சொல்லாத தடை செல்லாது

புத்தகத் தடைக்கான அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-வது பிரிவிலும், அதனை எதிர்ப்பதற்கான வழி 96-வது பிரிவிலும் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை முறையே 98, 99-வது பிரிவுகளாகத் தொடர்கின்றன. "தன் கருத்துக்கான ஆதாரங்களைக் குறிப்பிட்டு" அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

இந்த நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை நீதிமன்றங்கள் பலமுறை உணர்த்தியுள்ளன. இரண்டு ஹிந்தி நூல்களை உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்ததை எதிர்த்து ஹர்நாம் தாஸ் தொடுத்த வழக்கில், அரசு தன் முடிவுக்கான ஆதாரங்களைச் சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக 1961-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. காரணம் என்னவென்று தெரியாமல் அது சரியா, தவறா என்று உயர் நீதிமன்றம் எப்படி ஆராய முடியும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் லெய்ன் சிவாஜியைப் பற்றி எழுதிய நூலுக்கு மகாராஷ்டிர அரசு விதித்த தடையும் இதே போன்ற தேர்வில்தான் தோற்றது. எந்தெந்தப் பிரிவினரிடையே அந்நூல் பகையை மூட்டும் என்பதை அறிவிக்கை குறிப்பிடவில்லை என்று சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், தடையை ரத்து செய்த மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2010 ஜூலையில் உறுதி செய்தது. மிகவும் கொந்தளிப்பான ஒரு விவகாரத்தில்கூட, தடைக்கான காரணம் எழுத்து வடிவில் மக்கள் முன் இருந்ததால்தான் அதனை நீதிமன்றம் எடைபோட முடிந்தது.

69ஏ பிரிவு செயல்படும் விதம்

இணையத்துக்கு வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவே முடக்க அதிகாரத்தின் ஊற்று. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காகவும், இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டப்படுவதைத் தடுப்பதற்காகவும் எந்த இணையப் பக்கத்தையும் முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவை மீறும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. எனவே, பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்க் கேள்வி கேட்பதில்லை.

இதற்கான நடைமுறையை 2009-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. முடக்கக் கோரிக்கை வந்தால், இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி, சம்பந்தப்பட்ட தகவலை வெளியிட்ட "நபரை அல்லது இடைநிலை நிறுவனத்தை" அடையாளம் காண நியாயமான முயற்சிகள் அனைத்தையும் மேற்கொள்ள வேண்டும். குறைந்தது 48 மணி நேர அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது 8-வது விதி. அவசர நேரங்களில் நோட்டீஸ் இல்லாமலேயே இடைக்கால உத்தரவு பிறப்பிக்க 9-வது விதி இடமளிக்கிறது. அந்த உத்தரவும் 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். கோரிக்கையைப் பரிசீலிக்கும் குழுவில் சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு ஆகிய அமைச்சகங்களின் இணைச் செயலர் நிலை அதிகாரிகள் இடம்பெறுகின்றனர். மறுஆய்வுக் குழுவும் அரசுச் செயலர்களைக் கொண்டதே. இரண்டிலும் நீதித்துறையைச் சேர்ந்தவர் எவரும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது 16-வது விதி. கோரிக்கைகள், புகார்கள், எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் அனைத்தும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விவரம் கேட்டவர்களுக்கும் இந்த விதியைக் காட்டியே பதில் மறுக்கப்பட்டு வந்துள்ளது.

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில்களின்படி, 2014-ல் இப்பிரிவின் கீழ் முடக்கப்பட்ட இணைய முகவரிகள் 471. 2020-ல் அந்த எண்ணிக்கை 9,849. 2022-ல் 6,775. எண்ணிக்கை கிடைக்கிறது, எவை, ஏன் என்பது கிடைப்பதில்லை.

2015 தீர்ப்பு சொன்னது என்ன?

சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே 2012 நவம்பரில் மறைந்தபோது மும்பை முடங்கியதைப் பற்றி முகநூலில் எழுதப்பட்ட ஒரு கருத்துக்காக, பால்கரைச் சேர்ந்த இரு இளம் பெண்கள் கைது செய்யப்பட்டது நாட்டை அதிரவைத்தது. அந்தக் கைதுகளை அடுத்து சட்ட மாணவி ஸ்ரேயா சிங்கால் தொடர்ந்த வழக்கில், நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் ஆகியோரைக் கொண்ட அமர்வு 2015 மார்ச் 24-ல் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு முற்றிலுமாக ரத்து செய்யப்பட்டது. பொதுமக்கள் நினைவில் நின்றது இந்தப் பாதிதான்.

தீர்ப்பின் மறுபாதி அதிகம் பேசப்படவில்லை. 69ஏ பிரிவும் அதன் விதிகளும் செல்லும் என்று அதே அமர்வு உறுதி செய்தது. புத்தகத் தடைக்கு உள்ளது போன்ற பாதுகாப்புகள் இவ்விதிகளில் இல்லையே என்ற வாதமும் அப்போதே முன்வைக்கப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95, 96-வது பிரிவுகளில் உள்ள கூடுதல் பாதுகாப்புகள் இல்லை என்பதாலேயே இவ்விதிகள் அரசமைப்புக்கு முரணானவை ஆகிவிடாது என்று நீதிமன்றம் பதிலளித்தது.

ஆனால், அந்தப் பதில் சில அடித்தளங்களின் மீது நின்றது. ஒன்று, காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அப்போதுதான் அவற்றை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய முடியும். மற்றொன்று, இடைநிலை நிறுவனம் மட்டுமல்ல, எழுதியவர் அடையாளம் தெரிந்தவராக இருந்தால் அவரும் விசாரிக்கப்பட வேண்டும். இந்த இரண்டு பாதுகாப்புகளும் நடைமுறையில் உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே 69ஏ பிரிவு தப்பிப் பிழைத்தது எனலாம். அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த நம்பிக்கை மெய்ப்பட்டதா என்பதே இன்றைய வழக்கின் மையம்.

உத்தரவின் நகலுக்கே ஒரு வழக்கு

வரதட்சிணைக் கொடுமையைக் கேலி செய்து, "வரதட்சிணைக் கணக்கிடும் கருவி" என்ற பெயரில் பத்திரிகையாளர் தனுல் தாக்கூர் 2011-ல் ஓர் அங்கத இணையதளத்தைத் தொடங்கினார். 2018-ல் அது முடக்கப்பட்டது. அவர் யார் என்பது ஊரறிந்த செய்தி. இருந்தும், முடக்குவதற்கு முன் அவரது விளக்கம் கேட்கப்படவில்லை. உத்தரவின் நகலைப் பெறுவதற்கே அவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. நகலை அவருக்குக் கொடுத்து, அவரது தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. தளம் முடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்தே அவருக்குக் காரணம் கேட்கும் உரிமை கிடைத்தது.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு நினைவிருக்கும் உதாரணம் 2025 பிப்ரவரியில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட விவகாரத்தில், பிரதமர் நரேந்திர மோடி விலங்குடன் அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் அருகில் அமர்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரத்தை விகடனின் இணைய இதழ் வெளியிட்டது. பிப்ரவரி 15 இரவு முதல் விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. முடக்கம் பற்றி முறையான அறிவிப்பு எதுவும் அப்போது தங்களுக்கு வரவில்லை என்று அந்நிறுவனம் தெரிவித்தது. அமைச்சகத்தின் கடிதம் அதன் பின்னரே கிடைத்தது. ஒரு சித்திரம் பற்றிய புகாருக்காக, 1926-ல் தொடங்கப்பட்ட ஒரு பத்திரிகைக் குழுமத்தின் இணையதளம் முழுவதும் அணுக முடியாததாயிற்று.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், குறிப்பிட்ட அந்தப் பக்கத்தை விகடன் தற்காலிகமாக நீக்க வேண்டும், அதனைத் தொடர்ந்து தளத்தின் மீதான முடக்கத்தை அரசு விலக்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி 2025 மார்ச் 6-ல் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். வழக்கறிஞர் வைத்து உடனே நீதிமன்றம் செல்லும் வசதி ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்துக்கு உண்டு. தனியாக வலைப்பூ எழுதும் ஓர் ஆசிரியருக்கோ, யூடியூபில் பேசும் ஓர் இளைஞருக்கோ அது எளிதல்ல. அவருக்கு எதிர்த்து வழக்காட வேண்டிய உத்தரவே கையில் இருப்பதில்லை.

பதிப்புரிமைச் சட்டம் கற்ற பாடம்

இணையத்தில் எதையும் விரைந்து நீக்க வேண்டுமென்றால் நடைமுறைகளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்ற வாதம் அடிக்கடி எழுவதுண்டு. ஆனால், விரைவையும் நடைமுறையையும் சேர்த்தே காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்தியச் சட்டத்திலேயே சான்று உள்ளது. அது பதிப்புரிமைச் சட்டம்.

2012-ல் வெளியான "3" திரைப்படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றுவதைத் தடுக்க, அதன் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றனர். குற்றவாளி யாரென்று முன்கூட்டியே தெரியாது என்பதால் "அசோக் குமார்" என்ற பொதுப் பெயரைப் பிரதிவாதியாகச் சேர்த்துப் பெறப்படும் உத்தரவு அது. அதனைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாக முடக்கின. படத்துக்குத் தொடர்பே இல்லாத ஆயிரமாயிரம் காணொளிகளும் சேர்ந்து மறைந்தன. அந்த ஆண்டு ஜூன் 22-ல் நீதிமன்றம் தனது உத்தரவைத் தெளிவுபடுத்தியது: தடை என்பது திருட்டுப் பிரதி உள்ள குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே, தளம் முழுவதற்கும் அல்ல.

அதே 2012-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. இணைய இணைப்புக்காகவும் அணுகல் வசதிக்காகவும் சேமித்து வைக்கப்படும் படைப்பு தன் உரிமையை மீறுவதாக உரிமையாளர் எழுத்து மூலம் புகார் அளித்தால், நிறுவனம் அதனை 21 நாள்களுக்கு அணுக முடியாதபடி செய்ய வேண்டும். அந்த 21 நாள்களுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால், நிறுவனம் அதனை மீண்டும் திறந்துவிடலாம். புகாரின் மீது 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறும் 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகள், ஏன் முடக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பைத் தேடி வருவோருக்குக் காட்ட வேண்டும் என்றும் கூறுகின்றன.

இசை நிறுவனமான சூப்பர் கேசட்ஸுக்கும் மைஸ்பேஸ் தளத்துக்கும் இடையிலான வழக்கில், 2016 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு இன்னொரு வரம்பையும் வகுத்தது. பொதுவாகத் திருட்டுப் பாடல்கள் இருக்கக்கூடும் என்று தெரிந்திருப்பது போதாது. எந்தப் படைப்பு, எங்கே உள்ளது என்று உரிமையாளர் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், சட்டத்துக்கு அஞ்சி தனியார் நிறுவனங்களே தணிக்கையாளர்களாக மாறிவிடும் என்று நீதிமன்றம் எச்சரித்தது.

ஆக, ஒரு திரைப்படப் பாடல் நீக்கப்பட்டால் காரணம் திரையில் தெரிகிறது. 21 நாள் கெடு ஓடுகிறது. இறுதியில் நீதிமன்றம் முடிவு செய்கிறது. ஓர் அரசியல் விமர்சனம் நீக்கப்பட்டால் இவற்றில் எதுவும் இல்லை. தனியாரின் வணிக உரிமைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டில் உள்ள ஒழுங்கு, குடிமக்களின் அடிப்படை உரிமையைத் தொடும் ஏற்பாட்டில் இல்லை என்பது வியப்புக்குரிய முரண்.

இரண்டாவது வழி

69ஏ பிரிவாவது குழு, பதிவு, மறுஆய்வு என்ற சில படிகளைக் கொண்டது. அண்மைக் காலத்தில் அதனைச் சுற்றிச் செல்லும் மற்றொரு வழி அகலமாகியுள்ளது. பயனாளர்கள் எழுதுவதற்கு இணைய நிறுவனங்களைப் பொறுப்பாக்கக் கூடாது என்று பாதுகாப்பு அளிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. சட்டவிரோதமான தகவலைப் பற்றி அரசு தெரிவித்த பின்னும் நீக்காத நிறுவனம் அந்தப் பாதுகாப்பை இழக்கும் என்கிறது அதன் 79(3)(பி) உட்பிரிவு. நீக்கச் சொல்லும் நேரடி உத்தரவு அல்ல அது. ஆனால், விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த உட்பிரிவின் கீழ் அறிவிப்புகளை அனுப்புவதற்காக, உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2024 அக்டோபரில் "சஹ்யோக்" என்ற இணைய வாயிலைத் தொடங்கியது. மத்திய அமைச்சகங்கள் மட்டுமல்ல, மாநிலக் காவல் துறையினரும் இதன் வழியே நீக்கக் கோரிக்கைகளை அனுப்ப முடியும். 69ஏ பிரிவில் இடம்பெறாத அவதூறு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு போன்ற காரணங்களும் இவ்வழியில் நுழைகின்றன.

இதனை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. முடக்குவதற்குச் சட்டம் வகுத்த ஒரே வழி 69ஏ பிரிவுதான் என்பது அதன் வாதம். 2025 செப்டம்பர் 24-ல் நீதிபதி எம். நாகபிரசன்னா மனுவைத் தள்ளுபடி செய்தார். சஹ்யோக் பொது நன்மைக்கான கருவி என்றும், 19-வது பிரிவின் உரிமைகளை அந்நிய நிறுவனம் கோர முடியாது என்றும், 2011-ஆம் ஆண்டு விதிகளைப் பற்றிய 2015 தீர்ப்பை 2021-ஆம் ஆண்டு விதிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றும் அவர் கூறினார். அந்நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

அந்நிய நிறுவனத்துக்குப் பேச்சுரிமை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், அதன் தளத்தில் எழுதும் இந்தியக் குடிமகனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், நோட்டீஸ் நிறுவனத்துக்குச் செல்கிறது, குடிமகனுக்குச் செல்வதில்லை. வழக்காட வரும் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவருக்கு நோட்டீஸ் இல்லை. இந்த இடைவெளியில்தான் அரசமைப்புக் கேள்வி சிக்கிக் கிடக்கிறது.

தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள், 2025 அக்டோபர் 22-ல் அரசே விதிகளைத் திருத்தியது. நீக்க அறிவிப்பை இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ, காவல் துறையில் டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரியோதான் அனுப்பலாம். சட்ட அடிப்படையையும் குறிப்பிட்ட முகவரியையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். செயலர் நிலை அதிகாரி மாதந்தோறும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பவை அத்திருத்தங்கள். இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், எழுதியவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் இல்லை. 2026 பிப்ரவரியில் வந்த மற்றொரு திருத்தம், நீக்குவதற்கான 36 மணி நேர அவகாசத்தை 3 மணி நேரமாகச் சுருக்கியது. மூன்று மணி நேரத்தில் எந்த நிறுவனமும் சட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருக்காது. நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

அரசின் தரப்பு

அரசின் வாதங்களையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கலவரத்தைத் தூண்டும் பொய்க் காணொளி சில நிமிடங்களில் லட்சக்கணக்கானோரைச் சென்றடைகிறது. பெண்களின் படங்களைத் திரித்து வெளியிடும் கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் பதிவுகள், பயங்கரவாத அமைப்புகளின் பிரசாரம் போன்றவற்றில் நோட்டீஸ் அனுப்பிக் காத்திருப்பது தீங்கைப் பெருக்கும். பல கணக்குகள் போலிப் பெயரில், வெளிநாட்டிலிருந்து இயங்குகின்றன. நோட்டீஸை யாருக்கு அனுப்புவது?

இவற்றில் நியாயம் உண்டு. அதற்காகவே 9-வது விதியில் அவசர வழி வைக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாதவருக்கு நோட்டீஸ் அனுப்பும்படி எவரும் கோரவில்லை. பெயரும் முகவரியும் தெரிந்த பத்திரிகையாளருக்கும், பதிவு பெற்ற இதழுக்கும், தன் சொந்தப் பெயரில் எழுதும் குடிமகனுக்கும் ஏன் தெரிவிக்கக் கூடாது என்பதே கேள்வி. அவசரத்தில் முதலில் முடக்கினாலும், பிறகாவது காரணத்தைச் சொல்வதில் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன பங்கம் வந்துவிடும்?

தவிர, விமர்சிக்கப்படுபவரே நீதிபதியாகவும் இருக்கும் நிலை இங்கு எழுகிறது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே முடிவு செய்யும் என்ற 2023 ஏப்ரல் விதி இந்தக் காரணத்தால்தான் வீழ்ந்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, இந்திய எடிட்டர்ஸ் கில்டு உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.எஸ். படேல், நீலா கோகலே ஆகியோர் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். மூன்றாவது நீதிபதி ஏ.எஸ். சந்துர்கர் 2024 செப்டம்பர் 20-ல் அந்த விதி செல்லாது என்று முடிவு செய்தார். அச்சில் வெளியானால் இத்தகைய சோதனைக்கு உள்ளாகாத செய்தி, இணையத்தில் வெளியானால் மட்டும் உள்ளாவதற்கு அடிப்படை எதுவும் இல்லை என்பதும் அவர் கூறிய காரணங்களில் ஒன்று.

"அல்லது" என்ற ஒரு சொல்

வழக்கின் முடிச்சு கடைசியில் ஒரு சிறு சொல்லில் வந்து நிற்கிறது. 8-வது விதியில் உள்ள "நபரை அல்லது இடைநிலை நிறுவனத்தை" என்பதில் வரும் "அல்லது" என்ற சொல்லே அது. நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால் போதும், எழுதியவருக்கு அனுப்பத் தேவையில்லை என்பது அரசு கொள்ளும் பொருள். 39 இணைய முகவரிகளை முடக்கியதை எதிர்த்து அன்றைய டுவிட்டர் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், எழுதியவருக்கும் நோட்டீஸ் கட்டாயம் என்ற வாதத்தைக் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண எஸ். தீட்சித் 2023 ஜூன் 30-ல் ஏற்க மறுத்தார். மனுவைத் தள்ளுபடி செய்ததோடு நிறுவனத்துக்கு ரூ. 50 லட்சம் செலவுத் தொகையும் விதித்தார்.

தில்லியைச் சேர்ந்த மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் 8, 9, 16-வது விதிகளை எதிர்த்துத் தொடர்ந்த மனு 2025 மார்ச் 3-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், ஏ.ஜி. மாசி ஆகியோர் முன் வந்தது. மனுதாரர் சார்பில் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் ஆஜரானார். அடையாளம் காணக்கூடியவராக இருந்தால் அந்த நபருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்ற வகையில்தான் விதியைப் படிக்க வேண்டும் என முதல் பார்வையில் தோன்றுவதாக அமர்வு கருத்துத் தெரிவித்து, மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றம் எழுதிவைத்ததும் கிட்டத்தட்ட இதுவே.

ரகசியம் பற்றியும் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே ஒரு திசையைக் காட்டியுள்ளது. ஜம்மு-காஷ்மீரில் இணையச் சேவை துண்டிக்கப்பட்டதை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பசின் தொடர்ந்த வழக்கில், உரிமைகளைக் கட்டுப்படுத்தும் உத்தரவுகளை அரசு வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10-ல் அது கூறியது. ஒரு பகுதி முழுவதும் இணையத்தைத் துண்டிக்கும் உத்தரவே வெளியிடப்பட வேண்டியது என்றால், ஒரு கட்டுரையை மட்டும் முடக்கும் உத்தரவு ஏன் ரகசியமாக இருக்க வேண்டும் என்று மனுதாரர்களின் தரப்பு கேட்பதில் நியாயம் இருக்கவே செய்கிறது.

இதனைச் சரிசெய்ய நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. 69ஏ பிரிவே காரணங்களை எழுத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. அவற்றைப் பூட்டி வைப்பது விதிதான். விதியை வகுத்தது மத்திய அரசு. ஓர் அறிவிக்கையின் மூலம் அதனைத் திருத்தவும் அரசால் முடியும். அடையாளம் தெரிந்த எழுத்தாளருக்கு உத்தரவின் நகல், முடக்கப்பட்ட பக்கத்தில் காரணம் காட்டும் அறிவிப்பு, உண்மையான பாதுகாப்பு ரகசியங்களை மட்டும் மறைத்து மற்ற உத்தரவுகளை வெளியிடுதல் ஆகிய மூன்றும் நடந்தாலே நிலைமை பெரிதும் மாறும்.

1950-ல் "கிராஸ் ரோட்ஸ்" ஆசிரியரின் கையில் தடை உத்தரவு இருந்தது. "ஆர்கனைசர்" ஆசிரியரின் கையிலும் இருந்தது. அதனால்தான் இருவராலும் உச்ச நீதிமன்றத்தின் படியேற முடிந்தது. இன்று இணையத்தில் எழுதுபவரும் அதே படியை ஏற வேண்டுமானால், முதலில் அவரது கையில் அந்த உத்தரவு கிடைக்க வேண்டும்.